மர வரைபடத்தில் ஏன் பெருக்குகிறோம், எப்போது கூட்டுகிறோம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் இருக்கின்றன. சமவாய்ப்பு முறையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. முதலில் எடுத்த பந்து பைக்குள் திரும்ப வைக்கப்படுவதில்லை. மர வரைபடம் வரைந்தால் விடை வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பாதையில் செல்லும்போது ஏன் பெருக்க வேண்டும், பாதைகளின் முடிவுகளை எப்போது கூட்ட வேண்டும், முதல் பந்தின் நிறத்தைப் பார்க்காமலே இரண்டாவதை எடுத்தால் அதன் நிகழ்தகவு என்ன ஆகும் என்பவை விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்று ஐயங்களுக்கும் வேர் ஒன்றுதான். மரத்தின் ஒரு கிளைமீது நாம் எழுதும் எண், அந்தக் கிளை தொடங்கும் கணுவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று வைத்துக்கொண்ட பிறகு கணக்கிடப்படும் எண். அது சோதனையின் தொடக்கத்திலிருந்து பார்த்த நிகழ்தகவு அன்று. அதுவரை நடந்ததை ஏற்றுக்கொண்டு பார்த்த நிபந்தனை நிகழ்தகவு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பெருக்கலும் கூட்டலும் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாக இரா.

மரத்தை வரைந்து பார்ப்போம். தொடக்கப் புள்ளியிலிருந்து இரண்டு கிளைகள் பிரிகின்றன: முதல் பந்து சிவப்பாக இருப்பதற்கு 5/8, நீலமாக இருப்பதற்கு 3/8. இப்போது சிவப்புக் கிளையின் முனையில் நின்றுகொண்டு பைக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே 7 பந்துகள்தாம் இருக்கின்றன. அவற்றில் 4 சிவப்பு, 3 நீலம். ஆகவே இங்கிருந்து பிரியும் கிளைகளில் 4/7, 3/7 என்று எழுதுகிறோம். நீலக் கிளையின் முனைக்குப் போனால் பையின் நிலை வேறு: 5 சிவப்பு, 2 நீலம். அங்கிருந்து பிரியும் கிளைகளில் 5/7, 2/7. ஒவ்வொரு கணுவிலும் நின்று, பையில் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று எண்ணி எழுதும் இந்தப் பழக்கம் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஒரே கணுவிலிருந்து பிரியும் கிளைகளின் எண்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் எண்ணியதில் பிழை இருக்கிறது என்று பொருள்.

இனி, பெருக்கல். இதே சோதனையை 560 முறை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கிளைகளில் எழுதிய விகிதங்களின்படியே எல்லாம் நடக்கிறது என்றும் கொள்ளுங்கள். 560-இல் 5/8 பங்கு, அதாவது 350 முறை, முதல் பந்து சிவப்பு. எஞ்சிய 210 முறை நீலம். இரண்டாவது பந்தைப் பற்றிய 4/7 என்ற எண் அந்த 350 முறைகளுக்கு மட்டுமே உரியது, 560-க்கும் உரியதன்று. 350-இல் 4/7 பங்கு 200. ஆக 200 முறை இரண்டும் சிவப்பு, மீதி 150 முறை முதலில் சிவப்பும் பிறகு நீலமும். நீலத்தில் தொடங்கிய 210 முறைகளில் 5/7 பங்கான 150 முறை இரண்டாவது சிவப்பு, மீதி 60 முறை இரண்டும் நீலம். நான்கு முனைகளிலும் 200, 150, 150, 60; கூட்டினால் 560.

இங்கே நாம் செய்தது ஒரு பங்கில் இன்னொரு பங்கை எடுத்ததுதான். ஒரு நிலத்தில் எட்டில் ஐந்து பங்கைப் பிரித்து, பிரித்ததில் ஏழில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டால் கையில் இருப்பது மொத்த நிலத்தில் 5/8 × 4/7 = 20/56 பங்கு. பாதையின் வழியே பெருக்குவதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. பாடநூல்கள் இதையே நிகழ்தகவின் பெருக்கல் தேற்றம் என்ற பெயரில், இரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நடப்பதன் நிகழ்தகவு என்பது முதலாவதின் நிகழ்தகவை, முதலாவது நடந்துவிட்டது என்ற நிபந்தனையில் இரண்டாவதின் நிகழ்தகவால் பெருக்கக் கிடைப்பது என்று சொல்கின்றன. இரண்டும் சாரா நிகழ்ச்சிகளாக இருந்தால்தான் பெருக்கலாம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அது சரியன்று. கிளையில் எழுதியது நிபந்தனை நிகழ்தகவாக இருக்கும்வரை எப்போதும் பெருக்கலாம். சாரா நிகழ்ச்சிகள் என்பது அந்த நிபந்தனையால் எண் மாறாத தனிச் சிறப்புநிலை மட்டுமே.

கூட்டலுக்கான காரணம் இன்னும் எளியது. நான்கு முனைகளும் ஒன்றையொன்று விலக்குபவை. ஒரே சோதனை இரண்டு முனைகளில் போய் முடிய முடியாது. எனவே கேட்கப்பட்ட நிகழ்ச்சி எந்தெந்த முனைகளில் நிறைவேறுகிறது என்று குறித்துக்கொண்டு, அவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டிவிடலாம். இரண்டும் ஒரே நிறம் என்றால் 20/56 + 6/56 = 26/56. இரண்டும் வெவ்வேறு நிறம் என்றால் 15/56 + 15/56 = 30/56. இந்த இரண்டாவது கணக்கில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன: ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று கேள்வி சொன்னதும் 5/8 × 3/7 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். நீலம் முதலில் வந்து சிவப்பு பின்னால் வரும் பாதை விட்டுப்போகிறது. மரத்தை வரைந்திருந்தால் அந்த முனை கண்ணில் பட்டிருக்கும்.

இரண்டு பந்துகளையும் ஒரே நேரத்தில் கைவிட்டு எடுத்தால் என்ன என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். ஒரே பிடியில் எடுத்தாலும், ஒன்றை எடுத்துத் திரும்ப வைக்காமல் அடுத்ததை எடுத்தாலும் கணக்கு ஒன்றே. 8 பந்துகளிலிருந்து 2 பந்துகளை 28 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் சிவப்பாக வரும் வழிகள் 10. 10/28 என்பதும் 20/56 என்பதும் ஒரே எண்தான்.

எடுத்த பந்தைத் திரும்ப வைத்துவிட்டால் மரத்தின் வடிவம் மாறாது, எண்கள் மட்டும் மாறும். எல்லாக் கணுக்களிலும் 5/8, 3/8 என்றே வரும். நான்கு முனைகளில் 25/64, 15/64, 15/64, 9/64 கிடைக்கும். வெவ்வேறு நிறங்கள் வருவதன் நிகழ்தகவு 30/64; திரும்ப வைக்காதபோது 30/56 ஆக இருந்ததைவிடக் குறைவு. திரும்ப வைக்காத நிலையில் சிவப்பு ஒன்று வெளியே போனால் பையில் சிவப்பின் பங்கு குறைகிறது, அதனால் நீலத்தின் பக்கம் சற்றே சாய்வு ஏற்படுகிறது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. பை மிகப் பெரிதானால் இந்தச் சாய்வு கரைந்துபோகும்: 5000 சிவப்பும் 3000 நீலமும் இருந்தால் இரண்டாவது கிளை 4999/7999, அதாவது ஏறத்தாழ 0.62495, திரும்ப வைத்திருந்தால் 0.625. பெருந்தொகுதியிலிருந்து சிறு மாதிரி எடுக்கும்போது இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதன் நியாயம் இதுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது ஐயம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. முதல் பந்தை எடுத்து, நிறம் பார்க்காமல் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறீர்கள். இரண்டாவது பந்து சிவப்பாக இருப்பதன் நிகழ்தகவு என்ன? மரத்தில் இரண்டாவது இடத்தில் சிவப்பு வரும் முனைகள் இரண்டு: 20/56, 15/56. கூட்டினால் 35/56, சுருக்கினால் 5/8. முதல் பந்துக்கு இருந்த அதே நிகழ்தகவு! பையில் ஒரு பந்து குறைந்திருக்கிறதே, எப்படி மாறாமல் இருக்கும் என்று தோன்றும். அந்தக் குறைவு எந்த நிறத்தில் நேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாதவரை, சிவப்பு போயிருந்தால் ஏற்படும் இழப்பும் நீலம் போயிருந்தால் ஏற்படும் ஆதாயமும் மிகச் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன.

கணக்கே போடாமலும் இதைக் காணலாம். 8 பந்துகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துவிடுங்கள். எந்தப் பந்து இரண்டாம் இடத்தில் இருக்கும்? எட்டுக்கும் சம வாய்ப்பு. எட்டில் ஐந்து சிவப்பு. ஆகவே 5/8. ஐந்தாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் இதே விடைதான். சீட்டுக் குலுக்கலில் முதலில் எடுப்பவருக்கும் கடைசியில் எடுப்பவருக்கும் வாய்ப்பு சமம் என்று சொல்வது இதனால்தான். முதல் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அப்போது நாம் மரத்தின் ஏதோ ஒரு கணுவில் போய் நின்றுவிடுகிறோம், அங்கே 4/7 அல்லது 5/7 என்ற எண்ணே செல்லும். பந்துகள் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது.

ஆனால் யார் முதலில் எடுக்கிறார் என்பது ஒருபோதும் பொருட்டில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. டச்சு அறிவியலாளர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ், சூதாட்டக் கணக்குகள் பற்றி 1657-இல் வெளியான தம் சிறுநூலின் இறுதியில் வாசகர்களுக்கென்று 5 கணக்குகளை விட்டுச்சென்றார். அவற்றில் ஒன்று: 4 வெள்ளை, 8 கறுப்பு என 12 காய்கள் இருக்கின்றன. மூன்று ஆட்டக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு முறைவைத்து ஒவ்வொரு காயாக எடுக்கிறார்கள். யார் முதலில் வெள்ளைக் காயை எடுக்கிறாரோ அவர் வென்றார். மூவரின் வாய்ப்புகளும் என்ன விகிதத்தில் இருக்கும்?

இதன் மரம் வழக்கமான மரம் போல் இராது. வெள்ளை வந்த கிளை அங்கேயே முடிந்துவிடுகிறது. கறுப்புக் கிளை மட்டும் மேலே வளர்கிறது. ஒற்றைத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பக்கக் கிளை. இத்தகைய இடத்தில் எல்லாக் கட்டங்களுக்கும் முழு மரம் வரைவது வீண் உழைப்பு. ஆட்டம் நின்ற இடத்தில் கிளையும் நிற்க வேண்டும்.

காயைத் திரும்ப வைக்காமல் ஆடுவதாகக் கொள்வோம். பின்னங்களைச் சுமக்காமல், 495 ஆட்டங்கள் நடப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் 495 என்றால், 12 இடங்களில் 4 வெள்ளைக் காய்கள் அமையக்கூடிய வழிகள் அத்தனை. முதல்வர் 4/12 பங்கான 165 ஆட்டங்களில் உடனே வெல்கிறார், 330 தொடர்கின்றன. இரண்டாமவர் அதில் 4/11 பங்கான 120-ஐ வெல்கிறார், 210 தொடர்கின்றன. மூன்றாமவர் 4/10 பங்கான 84, எஞ்சியவை 126. மீண்டும் முதல்வர் 4/9 பங்கான 56, எஞ்சியவை 70. பிறகு 4/8 பங்கான 35, 4/7 பங்கான 20, 4/6 பங்கான 10, 4/5 பங்கான 4 என்று இறங்கி, ஒன்பதாம் முறை எடுக்கும்போது ஒரே ஓர் ஆட்டம் மிஞ்சுகிறது. அப்போது கறுப்பு எட்டும் தீர்ந்திருக்கும். மிச்சமிருப்பவை நான்கும் வெள்ளை. கிளையின் எண் 4/4. மூன்றாமவர் உறுதியாக வெல்கிறார். முதல்வருக்கு 165 + 56 + 10 = 231, இரண்டாமவருக்கு 120 + 35 + 4 = 159, மூன்றாமவருக்கு 84 + 20 + 1 = 105. விகிதம் 77 : 53 : 35.

காயைத் திரும்ப வைத்து ஆடினால் தண்டு முடிவே இல்லாமல் நீளும். ஆயினும் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மூவரும் ஒரு சுற்றில் தவறவிட்டால், ஆட்டம் தொடங்கியபோது இருந்த அதே நிலைக்குத் திரும்பிவிடுகிறோம். மரத்தின் எஞ்சிய பகுதி முழு மரத்தின் நகலாகவே இருக்கிறது. ஆகையால் முதல் சுற்றில் அமையும் விகிதமே முழு ஆட்டத்தின் விகிதமும் ஆகும்: 1/3, 2/3 × 1/3, 2/3 × 2/3 × 1/3. பகுதியை 27 ஆக்கினால் 9 : 6 : 4. கணக்கு எந்த முறையைச் சொல்கிறது என்பது தெளிவாக இல்லை. சுவிஸ் கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலி, அவர் மறைந்து 8 ஆண்டுகள் கழித்து 1713-இல் வெளிவந்த நூலில் இக்கணக்கை எடுத்துக்கொண்டு, மூன்று விதமாகப் பொருள்கொள்ள முடியும் என்று காட்டித் தனித்தனியே தீர்த்தார். மூன்றாவது பொருள், ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே 12 காய்கள் இருப்பது. திரும்ப வைக்கிறோமா இல்லையா என்பதைக் கேள்வியில் முதலில் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பழைய, இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எந்த விதமாக ஆடினாலும் ஒவ்வோர் இடத்திலும் வெள்ளை அமையும் நிகழ்தகவு 1/3 தான். ஆனால் முதல் வெள்ளை யாருக்கு என்பதே கேள்வி என்பதால், முன்னால் நிற்பவருக்கு ஆதாயம் கிடைக்கிறது.

பைகள் இரண்டானால் வரும் ஒரு தவறையும் காட்ட வேண்டும். நம் பழைய பையோடு, 1 சிவப்பும் 3 நீலமும் கொண்ட இன்னொரு பை இருக்கட்டும். நாணயத்தைச் சுண்டி ஒரு பையைத் தேர்ந்து, அதிலிருந்து ஒரு பந்து எடுக்கிறோம். சிவப்பு வருவதன் நிகழ்தகவு? மொத்தப் பந்துகள் 12, சிவப்பு 6, ஆகவே 1/2 என்று சொல்லத் தோன்றும். அது தவறு, பந்துகளை ஒரே பையில் கொட்டிக் கலக்கியிருந்தால்தான் அந்த விடை சரி. மரத்தின் முதல் கட்டம் நாணயம், இரண்டாம் கட்டம் பந்து: 1/2 × 5/8 + 1/2 × 1/4 = 5/16 + 2/16 = 7/16. சிறிய பையில் உள்ள ஒவ்வொரு பந்துக்கும் பெரிய பையில் உள்ளதைவிட இருமடங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை மொத்த எண்ணிக்கை மறைத்துவிடுகிறது.

இதே மரத்தைப் பின்னோக்கியும் படிக்கலாம். வந்த பந்து சிவப்பு என்று தெரிந்துவிட்டது. அது பழைய பையிலிருந்து வந்திருப்பதன் நிகழ்தகவு என்ன? சிவப்பில் முடியும் பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். மிஞ்சியவை 5/16, 2/16. இவற்றில் பழைய பையின் பங்கு ஏழில் ஐந்து, அதாவது 5/7. ஆங்கிலேயக் கணிதவியலாளர் தாமஸ் பேயிஸ் 1761-இல் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியான கட்டுரையிலிருந்து பெயர் பெற்ற பேயிஸ் தேற்றம், மரத்தில் பார்த்தால் இவ்வளவுதான். சூத்திரத்தைப் பார்த்து மிரளும் மாணவர்களுக்கு இதை முதலில் மரமாகவே காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுதும் முறை பற்றி ஒன்று சொல்கிறேன். கிளைகளில் உள்ள பின்னங்களை அவசரப்பட்டுச் சுருக்காதீர்கள். முதல் பையிலிருந்து மூன்று பந்துகளைத் திரும்ப வைக்காமல் எடுத்து, சரியாக இரண்டு சிவப்பாக இருக்க வேண்டும் என்றால் பாதைகள் மூன்று. நீலம் கடைசியில் வந்தால் 5/8 × 4/7 × 3/6. நடுவில் வந்தால் 5/8 × 3/7 × 4/6. முதலில் வந்தால் 3/8 × 5/7 × 4/6. பகுதிகள் மூன்றிலும் 8, 7, 6. தொகுதிகளில் அதே 5, 4, 3 இடம் மாறி நிற்கின்றன. ஒவ்வொரு பாதையும் 60/336. மொத்தம் 180/336, அதாவது 15/28. 3/6-ஐ 1/2 என்றும் 4/6-ஐ 2/3 என்றும் சுருக்கி எழுதியிருந்தால் இந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துவிட்டால், ஒரு பாதையின் நிகழ்தகவைப் பாதைகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிடலாம் என்ற குறுக்குவழி தானாகக் கிடைக்கிறது. பாதைகளை எண்ணும் வேலையைச் சேர்வுகள், அதாவது வரிசையைப் பொருட்படுத்தாமல் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை, பார்த்துக்கொள்ளும். கட்டத்துக்கு இரண்டு கிளைகள் வீதம் 10 கட்டங்கள் போனால் 1024 பாதைகள் வந்துவிடும் என்பதால், மரத்தைத் தாளில் வரைவதை அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டு, அதன் ஒரு பாதையை மட்டும் எழுதப் பழகிக்கொள்ள வேண்டும்.

குறைந்தது ஒன்று என்று தொடங்கும் கேள்விகளுக்கும் இதே வழிதான். அதே பையிலிருந்து 4 பந்துகளைத் திரும்ப வைக்காமல் எடுக்கும்போது குறைந்தது ஒரு நீலம் வருவதன் நிகழ்தகவைக் கேட்டால், 14 பாதைகளைக் கூட்டத் தேவையில்லை. நான்கும் சிவப்பாக வரும் ஒற்றைப் பாதையே அதன் நிரப்பு நிகழ்ச்சி, அதாவது அது நடக்காத நிலை; அதன் நிகழ்தகவை 1-இலிருந்து கழித்தால் போதும்: 5/8 × 4/7 × 3/6 × 2/5 = 120/1680 = 1/14. விடை 13/14. நான்கு கட்டங்களுக்கு 16 பாதைகள் இருக்க வேண்டுமே, 14-ம் 1-ம் சேர்ந்து 15 தானே என்று கேட்டால், பதினாறாவது நான்கும் நீலமாக வரும் பாதை. மூன்று நீலங்களும் வெளியே போன பிறகு அந்தக் கணுவில் நின்று பைக்குள் பார்த்தால் 5 சிவப்புகளே இருக்கின்றன, நீலக் கிளையில் எழுத வேண்டியது 0/5. ஒவ்வொரு கட்டத்திலும் பழக்கத்தால் 3/8 என்றே எழுதிக்கொண்டு போனவருக்கு மட்டும், 3 நீலப் பந்துகள் உள்ள பையிலிருந்து நான்காவது நீலம் ஒன்று வந்துவிடும்.